தரவையில் ஓடிய நாலு சில்லு

போன கிழமை நான் முன்பு வேலை செய்த கராஜுக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, ஊரிலை ஒட்டின பிரேமிலை ஒறிஜினல் சாமான் பூட்டினா நிக்குமோ?" நிற்கும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மணிக்கட்டு பலம் இழந்து வேலையை விட்டவனுக்கு எழுதுவதற்கு நேரம் இருக்கிறது. ஆகவே, கேட்டவருக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

பூட்டுகிற முறையை விபரிக்கப் போவதில்லை. அதைக் கராஜில் உள்ளவர்கள் காட்டித் தருவார்கள். பூட்டி முடித்து, எல்லாம் சரியாக நின்று, அதன் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

எண்பத்தாறாம் ஆண்டு வேலணைத் தீவில் எனக்குச் சொந்தமாக ஒரு சிறிய கராஜ் இருந்தது. உழவு மெஷின், தண்ணீர் இறைக்கிற மெஷின், மோட்டார் சைக்கிள் என்று எது வந்தாலும் திருத்துவேன். அந்த வருடம் வசந்தன் வந்தான். மாட்டுவண்டிச் சவாரிக்காரர் கதிரவேலரின் ஒரே மகன். வாட்டசாட்டமான ஆள்; கராஜ் வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் குறையும். மத்திய கிழக்கில் ஒரு பாலைவன முகாமில் வேலை செய்துவிட்டு வந்திருந்தான். மணலில் ஓடுவதற்கென்று அங்கே நாலு சில்லு மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்தார்களாம். அவற்றில் ஒன்று கவிழ்ந்து பிரேம் முறிந்துபோனது. மிச்சச் சாமான்களை எறியப் பார்த்தவர்களிடம் கேட்டு வாங்கி, பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தான். எஞ்சின், முன் சில்லுகளைத் தாங்கும் கைகள், பின்னச்சு, செயின், பருத்த ரயர்கள் நாலு. எல்லாம் ஒறிஜினல். பிரேமை மட்டும் பட்டணத்தில் ஒரு பட்டறையில் தண்ணீர்க் குழாய்களை வளைத்து ஒட்டுவித்து, உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணை, இந்த முறை சவாரிக்கு இதை ஓட்டவேணும்" என்றான்.

அறுவடை முடிந்து தரவை காய்ந்ததும் எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டிச் சவாரி நடக்கும். தரவை என்பது மாரியில் தண்ணீர் நின்று, கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும் பரந்த வெளி. மாடுகள் ஓடி முடிந்த இடைவேளையில் மோட்டார் சைக்கிள்காரர்களும் அந்த வெளியில் ஒரு ஓட்டம் ஓடிப் பார்ப்பார்கள். அதில் முதலாவதாக வரவேண்டும் என்பது வசந்தனின் ஆசை. கதிரவேலரின் ஆசை அதைவிடப் பெரியது. அவருடைய மாடுகள் வயது போய் அந்த வருடம் ஓடவில்லை. தன் வீட்டிலிருந்து எதுவும் ஓடாமல் ஒரு சவாரி நடப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பூட்டத் தொடங்கியதும் எஞ்சின் காதுகளின் துளைகளும் பிரேமிலுள்ள தாங்கியின் துளைகளும் சேரவில்லை. ஒரு நெல்மணி அளவுதான் வித்தியாசம்.

"எஞ்சின் காதை உள்ளாலை கொஞ்சம் அராவினா இறங்கிவிடும் அண்ணை" என்றான் வசந்தன்.

"எஞ்சினிலை கை வைக்கிறேல்லை. பிரேமைத்தான் வெட்டுறது."

"பிரேமுக்குத்தானே அண்ணை பெயின்ற் அடிச்சுக் கொண்டு வந்தனான்!"

"பெயின்ற் திருப்பி அடிக்கலாம். எஞ்சின் காதைத் திருப்பி வளக்கேலுமோ?"

கேள்வி கேட்டவருக்கு இதுதான் முதலாவது பதில். ஒறிஜினல் சாமான் எங்கே நிற்க வேண்டும் என்பது அதைச் செய்தபோதே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. புதிதாக வந்த பிரேம்தான் அதற்கு இசைந்து கொடுக்க வேண்டும். நான் தாங்கிகளை வெட்டி, இடம் மாற்றி ஒட்டினேன். எஞ்சின் தானாக இறங்கி இருந்தது.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. எல்லாம் பூட்டிய பிறகு செயினைப் பார்த்தேன். எஞ்சினின் பற்சில்லும் பின்னச்சின் பற்சில்லும் நூல் பிடித்ததுபோல ஒரே நேர்கோட்டில் நின்றன. வெறும் வண்டியில் எல்லாம் சரிதான். ஆனால் வெறும் வண்டி ஓடப் போவதில்லை. வசந்தனை ஏறியிருந்து குலுக்கச் சொன்னேன். அவன் குலுக்கியபோது பிரேம் முறுகியது. செயின் ஒரு பக்கம் சாய்ந்து பல்லின் விளிம்பில் உரசியது. தண்ணீர்க் குழாய் தண்ணீருக்காகச் செய்தது. அந்த ஆளையும் அந்த எஞ்சினையும் சேர்த்துத் தாங்குவதற்கு அதில் விறைப்புப் போதவில்லை. ஆகவே இருக்கைக்குக் கீழே, மூலைக்கு மூலை, ஒரு குறுக்குக் குழாய் வைத்து ஒட்டினேன். மறுபடியும் வசந்தனை ஏற்றிக் குலுக்கிப் பார்த்தேன். செயின் அசையவில்லை.

இவ்வளவையும் கதிரவேலர் ஒரு பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்குக் குழாயை ஒட்டியதும் எழும்பி வந்து அதை விரலால் தட்டினார்.

"தம்பி, இது என்ன கோயில் தேரே? இவ்வளவு இரும்பு எதுக்கு?"

"வண்டி நிக்கவேணுமே அம்மான்."

"நிக்கிறதுக்கோ செய்யிறீர், ஓடுறதுக்கோ?"

வசந்தன் சிரித்துவிட்டான். கதிரவேலர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது வேடிக்கைக் கேள்வியல்ல. சவாரி வண்டியைப் பற்றித் தீவில் அவரளவு தெரிந்தவர்கள் குறைவு. சவாரிக்காரர் போட்டியன்று காலையில் வண்டியைத் தடவிப் பார்த்து, வேண்டாத மரத்தை உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி எடுப்பார்கள். வேண்டாத ஆணியைக்கூடப் பிடுங்கி எறிவார்கள். மாடு இழுப்பதில் ஒரு கைப்பிடிப் பாரம் குறைந்தாலும் அது இலாபம். அது அவர்களுடைய வழக்கம். அவர்களுடைய வண்டிக்கு அது சரியானதும்கூட.

"வண்டி எண்டா நெளிஞ்சு குடுக்கவேணும், தம்பி" என்றார். "நெளியாத வண்டி மாட்டின்ரை கழுத்தை முறிச்சுப்போடும்."

"இதுக்குத்தான் மாடில்லையே அம்மான்" என்றேன்.

கராஜில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் இந்த முறை சிரித்தார். பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது.

சவாரி நாள் வந்தது. தரவை முழுவதும் சனம். புங்குடுதீவு, நாரந்தனை, சரவணை என்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மாடுகள் ஓடி முடிந்ததும் வசந்தன் வண்டியை இறக்கினான். சனம் சுற்றி வளைத்துக்கொண்டது.

"உதென்னடாப்பா, நண்டுக்கு எஞ்சின் பூட்டியிருக்கு!"

"கதிரவேலர் மாட்டை விட்டிட்டு இரும்புக்கு வைக்கல் போடுறார்போல."

"வைக்கல் இல்லையடா, பெற்றோல். மாட்டைவிடச் சாப்பாடு கூட."

கதிரவேலர் வேட்டியை மடித்துக்கட்டி, மகனின் வண்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன்போல நின்றார். நான் செயினுக்கு எண்ணெய் விடலாம் என்று குனிந்தேன். குறுக்குக் குழாய் அங்கே இல்லை.

இருந்த இடத்தில் இரண்டு முனைகள் மட்டும். அறுத்து, அரத்தால் அராவி, கறுப்புப் பெயின்ற்கூட அடித்திருந்தது. அவசரத்தில் செய்த வேலையல்ல. மிகவும் கவனமாக, அன்போடு செய்த வேலை.

"அம்மான், இதை ஆர் எடுத்தது?"

"நான்தான் எடுத்தனான், காலமை. அவ்வளவு பாரத்தோடை ஏன் ஓடுவான்?"

"வசந்தன், இறங்கு. இது ஓடேலாது."

வசந்தன் தகப்பனைப் பார்த்தான். பிறகு குனிந்து என் காதோடு சொன்னான்: "அப்பா ஆசைப்பட்டு எடுத்தவர் அண்ணை. இவ்வளவு சனத்துக்கு முன்னாலை அவரைப் பிழைகாரன் ஆக்காதையுங்கோ. ஒரு ஓட்டம்தானே. நான் மெதுவா ஓடுறன்."

மெதுவாக ஓடமாட்டான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள்காரர் மூவர் ஏற்கெனவே கோட்டில் நின்று எஞ்சினை இரைய வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இனிப் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன். இந்த முடிவு சரி. இந்தத் தொழிலில் வாயால் நிறுத்த முடியாத நேரங்கள் வரும். அப்போது கையால் நிறுத்த வேண்டும். கையில் எண்ணெய்க் குவளையோடு பிளக் கழற்றுகிற சாவியும் இருந்தது. தீப்பொறி கொடுக்கிற பிளக் இல்லாமல் எஞ்சின் எழும்பாது; அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் வசந்தன் "அண்ணை! அண்ணை!" என்று கூப்பிட்டான். யாரோ "மெக்கானிக்குக் கோவம்" என்றார்கள். யாரோ கூவினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சனத்தைத் தாண்டி, தரவையின் கரையில் வண்டிகள் கட்டியிருந்த பக்கமாகப் போய் நின்றேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கே நிற்கும்போது அந்த எஞ்சின் உதைத்து எழும்பும் சத்தம் கேட்டது. ஒரு மெக்கானிக் தான் பூட்டிய எஞ்சினின் சத்தத்தை வேறெதனோடும் குழப்பமாட்டான்.

ஒறிஜினல் சாமான் என்றால் என்ன? ஒரே அளவில், ஒரே புரியில், யப்பானில் ஆயிரக்கணக்கில் செய்த சாமான். பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளிலிருந்து பிளக்கைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அது அப்படியே பொருந்திவிட்டது. கொடுத்தவரில் பிழையில்லை. ஓடப் போகும் வண்டிக்கு ஒரு சின்னச் சாமான் குறைகிறது, என்னிடம் இருக்கிறது, கொடுக்கிறேன் என்று நினைத்த நல்ல மனிதர் அவர்.

நான் ஓடினேன். ஓடும்போதே அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். புழுதிக்கு மேலால் வசந்தனின் தலை மட்டும் தெரிந்தது. அவன்தான் முன்னால் போனான். அதையும் சொல்ல வேண்டும். அந்த எஞ்சின் அவ்வளவு அழகாக இழுத்தது. சனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. தரவையின் நடுப்பகுதி மாட்டுக் குளம்புகள் கிண்டி மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அங்கே பிரேம் முறுகியது. செயின் பல்லை விட்டு வெளியே பாய்ந்து, பின்னச்சுக்கும் பிரேமுக்கும் இடையில் சுருண்டு இறுகியது. பின் சில்லுகள் இரண்டும் ஒரேயடியாக நின்றன. வண்டி பக்கவாட்டாகத் திரும்பி, இரண்டு முறை புரண்டது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வசந்தனுக்கு மேலே கிடந்த வண்டியை நாங்கள் பலர் சேர்ந்து தூக்கினோம். அவனை ஒரு காரில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். கதிரவேலர் பின் சீற்றில் மகனின் தலையை மடியில் வைத்திருந்தார். நான் முன்னால் இருந்தேன். நாரந்தனை தாண்டும்போது அவர், "தம்பி, காரை நிப்பாட்டச் சொல்லும், அவன் மூச்சு விடுறானில்லை" என்றார். சாரதி நிறுத்தவில்லை, இன்னும் வேகமாக ஓட்டினார். அதனால் எதுவும் மாறவில்லை.

தம்பிமாரே, நான் ஏன் பிளக்கைக் கழற்றினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அது கைக்கு எட்டியது; கழற்றுவதால் எஞ்சினுக்குச் சேதம் இல்லை. எண்ணெய் விடக் குனிந்தபோது செயின் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அதன் பூட்டைத் தட்டிக் கழற்றி ஒரு கண்ணியை உடைத்திருந்தால் அன்று அந்த வண்டி ஓடியிருக்காது. அந்த அளவுச் செயின் தீவில் மட்டுமல்ல, குடாநாடு முழுவதும் தேடினாலும் கிடைத்திராது. அதனால்தான் என் கை அதை நோக்கிப் போகவில்லை. ஒறிஜினல் செயின், உடைத்தால் வேறு எடுக்க முடியாது. சாமானைக் காப்பாற்றிப் பழகிய கை, அந்தக் கணத்திலும் சாமானைத்தான் காப்பாற்றியது.

ஆகவே, ஓடக்கூடாத வண்டியை நிறுத்த வேண்டி வந்தால், பக்கத்தில் நிற்பவரிடம் இரவல் கிடைக்காத ஒன்றைக் கழற்றுங்கள். கழற்ற நேரமில்லாவிட்டால் உடையுங்கள். வண்டிக்காரர் உங்களை ஏசுவார். அவர் ஏசுவதற்கு உயிரோடு இருப்பார்.

இதை எழுதுவதால் அடுத்த முறை ஒருவர் தப்புவார் என்று நான் நம்புகிறேனா? உண்மையைச் சொன்னால், பெரிதாக நம்பிக்கை இல்லை. அவ்வளவு பேர் நடுவில், அந்தச் சத்தத்துக்குள், ஒருவரின் தகப்பன் பக்கத்தில் நிற்கும்போது, மனிதனின் கை தனக்குப் பழகியதைத்தான் செய்கிறது. அந்தத் தரவையில் இப்போது சவாரியும் இல்லை, சனமும் இல்லை. தொண்ணூற்றொன்றில் சண்டை வந்தபோது கையில் எடுத்ததோடு எல்லோரும் வெளியேறினோம். வெளியேறியவர்களில் கதிரவேலரும் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. விசாரித்தேன், சரியான பதில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அவரைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

செத்தவீட்டுச் சடங்குகள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் அவர் கராஜுக்கு வந்தார். முன்பு இருந்த அதே பக்கத்தில் இருக்கப் போனவர், அங்கே இருக்காமல் என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். அந்தக் குழாய் இருந்திருந்தா அவன் இருந்திருப்பானோ?"

இந்தக் கேள்வி உங்களிடமும் ஒரு நாள் வரும். சொல்வதற்கு வேறு பதில்கள் இருந்தன. நிலம் சரியில்லை என்று சொல்லலாம். பட்டறைக்காரனின் பிரேம் பிழை என்று சொல்லலாம். அவன் பட்டணத்தில் இருந்தான், கேட்டிருக்கப் போவதில்லை. விதி என்று சொன்னால் அவரே ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் நான் எதைத் தொட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகியவன்.

"ஓம், அம்மான்" என்றேன்.

அவர் அழவில்லை. "எனக்கும் அப்பிடித்தான் பட்டது" என்றார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த நாளும் வந்தார். செயின் ஏன் கழன்றது என்று கேட்டார். சொன்னேன். அதற்கடுத்த நாளும் அதையே கேட்டார். சீமெந்து நிலத்தில் சுண்ணக்கட்டியால் கீறிக் காட்டினேன்: இது எஞ்சின், இது அச்சு, இது இரண்டும் நேராக நிற்கிறது, இது முறுகினால் நிற்கும் விதம். அவர் குந்தியிருந்து அந்தக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். கராஜுக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள். வேலைக்கு இடைஞ்சல்தான். ஆனாலும் எழும்பச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தைத் திரும்பவும் கீறினேன்.

ஒரு நாள், கீறி முடித்த பிறகு, அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப நீர் அண்டைக்கு வசந்தனை ஏறியிருந்து குலுக்கச் சொன்னது, உது முறுகுதோ எண்டு பாக்கத்தானே?"

"ஓம், அம்மான்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அறுத்தாப்பிறகு நானும் ஏறியிருந்து பாத்தனான், தம்பி. நீர் அவனைச் செய்யச் சொன்ன மாதிரியே குலுக்கிப் பாத்தனான். செயின் அசையேல்லை. வடிவாப் பாத்தனான். அசைஞ்சிருந்தா நான் அவனை ஏற விட்டிருப்பனே?"

என் முன்னால் குந்தியிருந்தவர் சவாரிக்காரர் எல்லோரையும்போல எலும்பும் தோலுமான மனிதர். சவாரி வண்டியை ஓட்டுபவர் பாரமில்லாதவராகத்தான் இருப்பார். வசந்தனின் பாதிப் பாரம்கூட அவர் உடம்பில் இல்லை. நான் செய்த சோதனையைக் கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொண்டு, அதையே ஒழுங்காகச் செய்து பார்த்து, சரி என்று கண்டுதான் மகனை ஏற்றியிருக்கிறார்.

"சொல்லும் தம்பி. நான் பாத்தது பிழையோ?"

"பாத்த விதம் சரி, அம்மான். உங்கடை பாரம் காணாது."

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மேசைக் காலைப் பிடித்து மெதுவாக எழும்பினார். வேட்டியில் ஒட்டியிருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டினார். வாசல்வரை போனவர் அங்கே நின்று, திரும்பாமலே சொன்னார்:

"உதை, குழாய் ஒட்டின அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி."